சென்னப்பட்டணத்துச் சரித்திரம் – 17: கொய்யாத் தோட்டத்துக் கல்லறைகள்

சென்ற அத்தியாயத்தில், 1759 பிப்ரவரி 16 ஆம் தேதி ஆங்கிலக் கப்பல்கள் சென்னைக் கடலில் பாய் விரித்துத் தோன்றியதையும், அது கண்ட பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபு தம் பீரங்கிகளில் பலவற்றையும் காயமுற்றுக் கிடந்த வீரர்களையும் கூட எடுத்துச்செல்ல அவகாசமின்றி மறுநாளே முற்றுகையை நீக்கிப் புறப்பட்டதையும் கூறி நிறுத்தினோம். இரண்டு மாதங்களுக்கு மேல் குண்டு மாரியில் நனைந்த கோட்டைக்குள்ளே இனி என்ன நடந்தது, இடிந்த கொத்தளங்களை எவ்வாறு சீர்ப்படுத்தினார்கள் என்பதையெல்லாம் சொல்லத் தொடங்குமுன், அந்த முற்றுகையினால் பெரு நஷ்டம் அடைந்தும் அதைக் குறித்து ஒரு மகஜரும் எழுதிக்கொள்ள வாயற்றிருந்த ஒரு கூட்டத்தாரைப் பற்றி இந்த அத்தியாயத்தில் சொல்லிவிட வேண்டும் என்று கருதுகிறேன். அவர்கள் உயிரோடிருந்தவர்கள் அல்லர்; கோட்டைக்கு வடமேற்கே, பழைய கறுப்பர் பட்டணத்தின் ஓரத்தில், கொய்யாத் தோட்டம் என்று வழங்கிய இடத்தில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக அடக்கமாகி உறங்கிக்கொண்டிருந்த சென்னை ஆங்கிலேயர்கள்.

1639 ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 ஆம் தேதி தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் ஒரு மணல் திட்டுக்கான சாசனத்தைப் பெற்றுக்கொண்டு வந்திறங்கிய கிழக்கிந்தியக் கும்பினியார், முதலில் கட்ட நினைத்தது பண்டகசாலை. அதைக் காக்கக் கட்டியது கோட்டை. வெகு காலம் கழித்துத்தான் அவர்களுக்குக் கோயில் நினைவு வந்தது. ஆனால் இவை யாவற்றுக்கும் காத்திராமல், அவர்கள் கரையேறிய நாள் முதலே அவர்களுக்கு அவசியமாகிவிட்ட இடம் ஒன்று உண்டென்றால் அது இடுகாடே. பதினாறு பதினேழு வயதில் எழுத்தர் உத்தியோகம் ஏற்றுக் கப்பலேறி வந்த பிள்ளைகள், இந்நாட்டு வெய்யிலும் காய்ச்சலும் பேதியும் சாராயமும் சேர்ந்து தாக்க, ஐந்தாண்டுக் கணக்கு முடியுமுன்னே மாண்டார்கள். காலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவரை மாலையில் பந்த வெளிச்சத்தில் சுமந்து செல்வது இந்தப் பட்டணத்தில் நூதனமாக இருக்கவில்லை. வெப்பம் மிகுந்த தேசமாதலால் பிரேதத்தை இரவு முழுதும் வைத்திருக்க முடியாது என்பது அவர்கள் வெகு விரைவில் கற்றுக்கொண்ட பாடம்.

அக்காலத்துக் கல்வெட்டுக்களில் மிகவும் பழமையானது எலிஸபெத் பேக்கர் என்னும் மாதரசியுடையது. சென்னைக் கோட்டைக்கு முதல் பிரஸிடெண்டாக நியமனம் பெற்று வந்த ஆரன் பேக்கரின் மனைவி அவர். கணவரோடு கப்பலில் வரும்போதே, 1652 ஆம் ஆண்டில், கரையைக் காணாமலே காலமானார். இந்தியாவில் ஆங்கிலேயர் பொறித்த கல்லெழுத்துக்களில் இதற்கு முற்பட்டது வேறில்லை என்று இத்துறையில் உழைத்தவர்கள் சொல்வதுண்டு. பட்டணத்தைக் கண்ணாலும் பாராத ஒரு பெண்ணின் பெயரே பட்டணத்தின் முதல் ஆங்கிலக் கல்லெழுத்தாக நிலைத்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

கொய்யாத் தோட்டத்து மயானம் நாளடைவில் செழித்தது. மயானத்துக்குச் செழிப்பு என்ற சொல் பொருந்துமா என்று கேட்கலாம். ஆனால் பொருந்தத்தான் செய்தது. வாணிகத்தில் பொருளீட்டியவர்கள் தம்மவருக்குத் தரையோடு தரையாக ஒரு கல் பதிப்பதோடு திருப்தியடையாமல், வளைவுகளும் தூண்களும் விதானங்களும் கூர்ங்கோபுரங்களும் அமைத்து, செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் சிறு மண்டபங்கள் போலவே சமாதிகளை எழுப்பினார்கள். அவற்றின் மேல் பதித்த கல்லோ பெரும்பாலும் நம் பல்லாவரத்துக் குன்றுகளில் வெட்டிய கருங்கல். அந்தக் கல்லின் பெருமை சென்னையோடு நிற்கவில்லை. கல்கத்தாவை நிறுவியவர் என்று பெயர்பெற்ற ஜாப் சார்னக் இறந்தபோது அவர் சமாதிக்கும் இவ்வூர்க் கல்லே வங்காளம் சென்றது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் தாமஸ் ஹாலண்ட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையும் கல்கத்தாவில் அந்தச் சமாதியின் மேல் கிடக்கும் கல்லும் ஓரினமே என்று கண்டு, அவ்வினத்துக்குச் சார்னகைட் என்று நாமகரணம் செய்தார். இன்று உலகத்தில் எங்கே அவ்வகைப் பாறை அகப்பட்டாலும் ஒரு கல்லறையின் பெயராலேதான் அதை அழைக்கிறார்கள். அதே பல்லாவரத்து மண்ணில், இவர்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பு வாழ்ந்தவர்கள் தம் முன்னோரைக் கால்கள் வைத்த சுடுமண் பேழைகளில் கிடத்திப் புதைத்திருந்ததை அலெக்ஸாந்தர் ரீ அகழ்ந்து வெளிப்படுத்தினார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம்.

அந்தத் தோட்டத்தில் எழுந்த சமாதிகளுள் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் அதில் உறங்குகிறவர்களின் விசேஷமும், அது இன்றளவும் அழியாமல் நம் கண்ணெதிரே நிற்பதும் ஆகும். 1680 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜோஸப் ஹின்மர்ஸ் என்பவர் காலமானார். கோட்டைக் கௌன்ஸிலில் கவர்னருக்கு அடுத்த ஸ்தானம் வகித்தவர். அவருடைய விதவை கேதரின். அந்த வருஷம் அக்டோபர் 28 ஆம் தேதி, அப்போது கவர்னராயிருந்த ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் முன்னின்று கட்டுவித்த செயிண்ட் மேரி ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. ஒரு வாரம் கழித்து நவம்பர் 4 ஆம் தேதி அந்தப் புதுக் கோயிலில் நடந்த முதல் விவாகத்தின் மணமகள் அந்தக் கேதரினே. மணமகன், அப்போது கும்பினி உத்தியோகத்தில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்த எலிஹூ யேல். அவர்களுக்குப் பிறந்த ஒரே ஆண்மகவு டேவிட். யேல் கவர்னராகிச் சில மாதங்களே ஆகியிருந்த சமயம், 1688 ஜனவரி 25 ஆம் தேதி, நான்கு வயதையொட்டிய அந்தப் பாலகன் இறந்தான். அவனை வேறெங்கும் வைக்காமல், தாயின் முதற் கணவராகிய ஹின்மர்ஸின் சமாதியிலேயே வைத்தார்கள். சதுரமான பீடமும் அதன்மேல் வானை நோக்கிக் கூர்த்தெழும் கோபுரமுமாக அது நிற்கிறது. தன் தகப்பனல்லாத ஒருவருக்குப் பக்கத்தில் அந்தச் சிறு பிள்ளையைப் படுக்கவைத்தது எவ்வளவு இயல்பான காரியமாக அந்தத் தாய்க்குத் தோன்றியிருக்க வேண்டும்! அவளுக்கு இருவரும் தன் வீட்டார்.

யேல் துரையின் வாழ்க்கையை முன்னர் ஓர் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். 1692 இல் பதவி இழந்து, 1699 இல் ஊர் திரும்பி, 1718 இல் அமெரிக்காவில் கனெக்டிகட்டிலிருந்த ஒரு சிறு கல்விச்சாலைக்கு அவர் அனுப்பிய துணிமணிகள் 562 பவுனுக்கு விற்பனையாகி, அதற்கு நன்றியாக அந்தச் சாலை அவர் பெயரைப் பூண்டு இன்று யேல் சர்வகலாசாலையாக விளங்குவதை அறியாதவர் இல்லை. அந்தப் பெயரைத் தாங்கிச் செல்ல வேண்டிய மகன் இந்தப் பட்டணத்து மண்ணில் கிடக்கிறான் என்பதைத்தான் அறிந்தவர் குறைவு. மற்றொன்றையும் மறைத்தலாகாது. யேல் கவர்னராயிருந்த நாட்களில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட நம்மவர்கள் உண்டு. கும்பினியின் ஆலோசனைப் பதிவேடுகளே அதற்குச் சாக்ஷி. கடலில் மாண்ட அவர்களுக்குக் கூர்ங்கோபுரமும் இல்லை, கருங்கல்லும் இல்லை. ஒரு பிள்ளையின் சமாதிக்கெதிரே நின்று இதை நினைப்பது அந்தப் பிள்ளைக்கு அபசாரமாகாது. நினையாமல் வருவதே பெரிய குற்றமென்று எனக்குப் படுகிறது.

இனி முற்றுகைக்கு வருவோம். 1758 டிசம்பர் 14 ஆம் தேதி லாலியின் சேனை கறுப்பர் பட்டணத்துள் புகுந்தது. கோட்டையின் வடக்கேயும் வடமேற்கேயும் அவர்கள் அணிவகுத்துப் பீரங்கி மேடைகள் அமைக்க இடம் தேடியபோது, வெட்டவெளியிலே, கோட்டை மதிலிலிருந்து பீரங்கி எட்டும் தூரத்திலே, தடித்த சுவர்களும் வளைவுகளும் கொண்ட நூற்றுக்கணக்கான சிறு கட்டடங்கள் தமக்கென்றே கட்டிவைத்தாற்போல் நிற்கக் கண்டார்கள். எதிரியின் குண்டைத் தடுக்கவும், மறைந்து நின்று சுடவும், வெடிமருந்தை மழை படாமல் வைக்கவும் இதைவிட வசதியான அரண் வேறு எங்கே கிடைக்கும்? கல்லறைத் தோட்டம் பாசறையாயிற்று. சமாதிகளின் பின்னே பீரங்கிகள் நின்றன. கோட்டைக்குள்ளிருந்த ஆங்கிலேயர், தம் தந்தையரையும் மனைவியரையும் மக்களையும் வைத்த அதே இடத்தை நோக்கி, கவர்னர் ஜார்ஜ் பிகட்டின் ஆக்ஞைப்படி, இரவும் பகலும் குண்டு பொழிந்தார்கள். மதிலின் மேல் நின்று திரிக்கு நெருப்பு வைத்தவர்களுள், எந்தக் கோபுரத்தின் கீழே தன் வீட்டார் இருக்கிறார்கள் என்று கண்ணால் அடையாளம் கண்டுகொண்டே சுட்டவன் ஒருவனாவது இருந்திருப்பான் அல்லவா?

முற்றுகை நீங்கியது. பயம் நீங்கவில்லை. மறுபடி ஒரு சத்துரு வந்தால் மறுபடியும் இந்தக் கல்லறைகளே அவனுக்குக் கோட்டையாகும் என்று உணர்ந்த அதிகாரிகள், செய்ய வேண்டியது இன்னதென்று தீர்மானிக்க அதிக காலம் எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டையைச் சுற்றிலும் மைதானமாக வெளியாக்கும் வேலை, பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1749 இல் பட்டணத்தைத் திரும்பப் பெற்றது முதலே நடந்துகொண்டிருந்தது. பழைய கறுப்பர் பட்டணத்தில் நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீடுகளும் அவ்வாறே தரைமட்டமாக்கப்பட்டன. அந்த வரிசையில் இப்போது இறந்தவர்களின் முறை வந்தது. சமாதிகளை இடித்தார்கள். மண்டபங்களும் கூர்ங்கோபுரங்களும் செங்கற்குவியலாயின. யேல், ஹின்மர்ஸ் ஆகியோரின் சமாதியும் பௌனி என்னும் குடும்பத்தாரின் நிலவறையும் தவிர்ந்த மற்றனைத்தும் போயின. எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் பெயர்த்தெடுத்து வண்டிகளில் ஏற்றிக் கோட்டைக்குள் கொண்டுவந்து, செயிண்ட் மேரி ஆலயத்தைச் சுற்றித் தளவரிசையாகப் பதித்துவிட்டார்கள்.

உடல்களைத் தொடவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருந்தன, இன்றும் இருக்கின்றன. நம்முடைய வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். போரில் பட்ட வீரனுக்கு நம் முன்னோர் கல் எடுத்தார்கள்; தகுந்த கல்லைக் காண்பது முதல் அதைக் கொணர்ந்து நீராட்டி நட்டுப் படையலிட்டு வாழ்த்துவது ஈறாக ஆறு துறைகளைத் தொல்காப்பியர் வகுத்துச் சொல்கிறார். கல் நட்டபின் அவன் அந்தக் கல்லிலேயே இருக்கிறான் என்பது நம்பிக்கை. உடல் எங்கே வீழ்ந்தது என்பது பெரிதன்று. ஐரோப்பியரோ உடல் கிடக்குமிடத்தைப் பெரிதாக எண்ணுகிறவர்கள். ‘இங்கே உறங்குகிறார்’ என்றே அவர்களுடைய கல் தொடங்கும். அந்த ‘இங்கே’ என்ற சொல்லோடு அந்தக் கல்லைப் பெயர்த்து வேறிடத்தில் பதித்தால் அது சொல்லும் செய்தியே பொய்யாகிவிடுகிறது. செயிண்ட் மேரி ஆலயத்து முற்றத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கற்கள், அடியிலே ஒருவரும் இல்லாமல், ‘இங்கே உறங்குகிறார்’ என்று சொல்லிக்கொண்டு கிடக்கின்றன.

நான் ஒரு மார்கழி மாதத்துக் காலை வேளையில் அந்த முற்றத்தில் வெகு நேரம் இருந்தேன். கற்களின் மீது நடந்தாலன்றி ஆலயத்தைச் சுற்றிவர வழியில்லை. செருப்பைக் கழற்றி மதிலோரம் வைத்துவிட்டுத்தான் நடந்தேன். இரவுப் பனி எழுத்துக்களின் பள்ளங்களில் நீராகத் தேங்கியிருந்ததால் வெய்யில் ஏறும்வரை அவற்றைப் படிப்பது எளிதாயிருந்தது. ஆங்கிலமும் லத்தீனும் மட்டுமல்ல, போர்த்துகீசிய எழுத்தும் அர்மீனிய எழுத்தும் அங்கே உண்டு. கோட்டைக்குள் கப்பூசின் சபைத் துறவிகள் நடத்திவந்த கத்தோலிக்கக் கோயிலை, அவர்கள் பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தின் மேல் ஆங்கிலேயர் இடித்துவிட்ட கதையை முன்பே சொன்னேன். வாழ்நாளில் ஒரே கோயிலில் கால் வைத்திராத பல சபையாரின் பெயர்களும் இந்த ஆங்கிலக் கோயிலின் சுவரோரத்தில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. சில கற்களில் மேலே குடும்ப முத்திரை, சிங்கமும் தலைக்கவசமும் இலைக்கொத்துமாக, நம் நாட்டுச் சிற்பியின் உளி செதுக்கியது என்று ஒரே பார்வையில் தெரியும்படி அமைந்திருக்கிறது. அந்தச் சிங்கம் ஐரோப்பாவின் சிங்கமன்று, நம் கோயில் தூணில் இருக்கும் யாளிக்கு உறவு. எழுத்தறியாத அந்தக் கைகள் லத்தீன் அக்ஷரங்களை ஒரு கீற்றும் பிசகாமல் வெட்டியிருக்கின்றன.

அந்தக் கற்களுக்கு அங்கேயும் நிம்மதி கிட்டவில்லை. 1780 இல் ஹைதர் அலி கர்நாடகத்தில் இறங்கி, சென்னையின் சுற்றுப்புறங்களிலே அவருடைய குதிரைப்படை எரித்த கிராமங்களின் புகை தெரிந்தபோது பட்டணம் எவ்வாறு கலங்கிற்று என்பதைப் பின்னால் விவரமாகச் சொல்வேன். அந்தக் கலக்கத்தில், 1782 இல், கொத்தளங்களின் மேல் பீரங்கிகளை ஏற்றி நிறுத்த உறுதியான தளம் வேண்டியிருந்தது. கைக்கெட்டிய தூரத்தில், ஒரே அளவாகச் செதுக்கிய கனத்த கருங்கற்கள் கோயில் முற்றத்தில் கிடந்தன. பெயர்த்தெடுத்து மேலே கொண்டுபோனார்கள். ஒரு யுத்தத்தில் சத்துருவுக்கு அரணான கல்லறைகள், மறு யுத்தத்தில் சொந்தப் பீரங்கிக்கு மணையாயின. பீரங்கி வண்டிகளின் சக்கரம் உரசி எழுத்துத் தேய்ந்த கற்கள் சிலவற்றை இன்றும் காணலாம். யுத்தம் ஓய்ந்து நெடுநாள் சென்றபின்னரே அவை மறுபடி கீழே வந்து சேர்ந்தன; வந்தவை எல்லாம் பழைய வரிசைப்படி சேரவில்லை, கணவன் ஓரிடமும் மனைவி ஓரிடமுமாகப் பிரிந்து பதிந்தன.

கொய்யாத் தோட்டத்தை இழந்த ஆங்கிலேயருக்குத் தீவுத்திடலில் புதிதாக ஓர் இடம் கொடுக்கப்பட்டது. கூவத்தின் கரையையொட்டி, இன்று பல்லவன் சாலை செல்லும் பக்கத்தில், செயிண்ட் மேரி கல்லறைத் தோட்டம் என்று இருப்பது அதுவே. அதன் பிற்காலச் சரித்திரம் நீண்டது. அதை இங்கே தொட்டுக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மற்றச் சமூகத்தாரின் கல்லறைகளும் இந்தப் பட்டணத்தில் இடம் விட்டு இடம் பெயர்ந்தவைதாம். பவழ வாணிகம் செய்த யூதர்களின் புதைநிலம் பெத்துநாயக்கன்பேட்டையில் இருந்து, நகரம் நெருங்க நெருங்க இடம் மாறி, கடைசியில் லாயிட்ஸ் சாலைக்கு வந்தது. அர்மீனியர் தெருவில் இன்றுள்ள அழகிய ஆலயம் அவர்களுடைய பழைய இடுகாட்டின் மேலேயே 1772 இல் எழுந்தது. அர்மீனியருள் பெருந்தகையாகிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான், சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலமும் பரங்கிமலைக்குப் படிகளும் தம் கைப்பொருளால் கட்டிக்கொடுத்தவர், 1751 இல் காலமானபோது அவருடைய உடல் வேப்பேரியில் அடக்கமாயிற்று. இருதயமோ அவர் விருப்பப்படி பாரசீக தேசத்தில் அவர் பிறந்த ஜுல்பா நகருக்குப் போயிற்று. பிரிவு அங்கே அவர் தாமே கேட்டுப் பெற்றது. கொய்யாத் தோட்டத்தார் கேட்டுப் பெற்றதன்று.

அந்தத் தோட்டம் பின்னர் மைதானமாயிற்று. 1844 இல் அதன் அருகே கலங்கரை விளக்கத் தூண் எழுந்தது. 1892 இல் செந்நிற மாடங்களோடு ஹைகோர்ட்டுக் கட்டடம் திறக்கப்பட்டது. அதையடுத்துச் சட்டக் கல்லூரியும் வந்தது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் புத்தகத்தை விரித்துக்கொண்டு அமர்வதற்கு ஏற்ற நிழலாக யேல் சமாதியின் பீடம் பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டது. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்புச் சின்னமாகவும் அது ஆயிற்று. அதைச் சுற்றி வாகனங்கள் நிறுத்த இடம் போதவில்லை, அதைப் பெயர்த்து வேறெங்கேனும் வைத்துவிட வேண்டும் என்ற வழக்கு, 2023 ஆம் ஆண்டில், அதே ஹைகோர்ட்டின் முன்பாகவே நடந்தது. அந்த மனுவில் கண்ட நியாயத்தை நான் மறுக்கவில்லை. வழக்காடிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் நிற்க இடம் வேண்டும்தான். ஆயினும் ஒரு நூறு சமாதிகளை இழந்து மிஞ்சிய இரண்டில் ஒன்று அது. உடலும் பெயரும் ஒரே இடத்தில் இருக்கும் பேறு அந்தத் தோட்டத்தாருள், பௌனி குடும்பத்தாரைத் தவிர, அந்த இருவருக்கே வாய்த்தது. அதைப் பெயர்த்துவிட்டால், ‘இங்கே’ என்ற சொல் மெய்யாக இருக்கும் கடைசி இடங்களுள் ஒன்றும் போய்விடும் என்று என் மனம் அஞ்சுகிறது.

பெயர்களைக் காத்தவர்களையும் நினைக்க வேண்டும். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர், சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுக்களை எல்லாம் திரட்டி 1905 இல் ஒரு பெரும் நூலாக வெளியிட்டார். கல்லறைக் கல்லைப் படிப்பது கோயில் சாசனத்தைப் படிப்பது போன்ற மதிப்புள்ள வேலையாக அக்காலத்தில் கருதப்படவில்லை. ஆயினும் முட்புதர்களுக்குள் புகுந்தும், பாசியைச் சுரண்டியும், தேய்ந்த எழுத்தைக் கையால் தடவியும் எழுதி வைத்த அந்தப் பொறுமையினால்தான், கல்லே பொடிந்துபோன பலருடைய பெயரும் வயதும் இறந்த தேதியும் இன்று நமக்குக் கிடைக்கின்றன. அந்தப் புஸ்தகத்தை எங்கே பிரித்தாலும் இருபத்திரண்டு, பத்தொன்பது, மூன்று மாதம் என்று வயதுகளே முதலில் கண்ணில் படும்.

செயிண்ட் மேரி ஆலயத்துக் கல்லறைக் கற்களில் பெயர் தேடிக் கிடைக்காத ஒருவரைக் கொண்டு அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கப் போகிறேன். லாலியின் முற்றுகையை எதிர்த்து நின்று கோட்டையைக் காத்த அதே ஜார்ஜ் பிகட், பின்னர் பிரபுப் பட்டம் பெற்று இரண்டாம் முறை கவர்னராகி வந்தபோது, தஞ்சாவூர் ராஜாவுக்கு அவருடைய ராஜ்யத்தைத் திரும்பக் கொடுத்த காரணத்தால் தம் சொந்தக் கௌன்ஸிலாராலேயே 1776 ஆகஸ்டு 24 ஆம் தேதி கைது செய்யப்பட்டு, காவலிலிருந்தபடியே 1777 மே 11 ஆம் தேதி உயிர் நீத்தார். அவரை ஆலயத்துக்குள்ளே அடக்கினார்கள், கல் வைக்கவில்லை. இன்று அவ்விடமென்று காட்டப்படும் தளத்தில் ‘நினைவாக’ என்னும் பொருள்பட லத்தீனில் இரண்டு சொற்கள் மட்டும் பொறித்திருக்கின்றன.